நெல்லும் குழியும் வாய்பாடும்: காவிரி டெல்டாவில் பிள்ளைகள் கணக்குக் கற்ற விதம்

முந்நூற்றறுபது நெல் ஒரு செவிடு. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. டெல்டாக்காரர்கள் மரக்கால் என்று சொல்வது இதைத்தான். இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். நெல்லிலக்கம் என்று பெயர் பெற்ற இந்தப் பாடத்தைத் தஞ்சாவூர்ச் சீமையின் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய வயதிலேயே மனத்தில் ஏற்றிக்கொண்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு நாழிக்கு 14,400 நெல், ஒரு கலத்துக்கு 96 நாழி, ஆகவே ஒரு கலத்தில் 13,82,400 நெல். களத்தில் அம்பாரமாகக் குவிந்து கிடக்கும் விளைச்சலுக்கும் விரல் நுனியில் ஒட்டியிருக்கும் ஒற்றை நெல்லுக்கும் இடையே எத்தனை படிகள், ஒவ்வொரு படியிலும் எதனால் பெருக்க வேண்டும் என்பது ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது.

கீழே இறங்கினால் பெருக்கல், மேலே ஏறினால் வகுத்தல். ஆறு நாழியோடு ஐந்து நாழியைச் சேர்த்தால் பதினொன்று என்று நின்றுவிட முடியாது. ஒரு மரக்கால் மூன்று நாழி என்று சொல்லியாக வேண்டும். ஒரு மரக்காலிலிருந்து மூன்று நாழியை எடுக்க வேண்டுமானால் முதலில் அந்த மரக்காலை எட்டு நாழியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். இன்றைய மூன்றாம் வகுப்பில் ‘இனமாற்றிக் கூட்டல்’, ‘கடன் வாங்கிக் கழித்தல்’ என்று நாம் தனித்தனியே சொல்லித் திணறும் விஷயங்கள் அங்கே அளவைக்குள்ளேயே அமைந்திருந்தன.

திண்ணைப் பள்ளிக் கணக்கு என்றாலே ‘குருட்டு மனப்பாடம்’ என்று ஒதுக்கிவிடுவது நம்மிடம் வழக்கமாகிவிட்டது. அதற்கு எதிர்த்திசையில், பொற்காலம் ஒன்று இருந்து அழிந்துபோனதாகப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் நான் ஏற்கவில்லை. அந்தப் பாடத்தில் கற்பித்தல் பற்றிய நுட்பமான அறிவு இருந்தது. அந்த அறிவு யாருக்குக் கொடுக்கப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதில் பெரிய அநீதியும் இருந்தது. இன்றைய வகுப்பறைக்கு எதை எடுத்து வரலாம் என்று கேட்பதற்கு முன்னால் இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ 1822-இல் மாகாணம் முழுவதிலும் உள்ள நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து போன கணக்கில் 884 பள்ளிகள். மாகாணம் முழுவதற்கும், ‘கல்லூரி’ எனப்பட்ட மேற்படிப்புக் கூடங்களையும் சேர்த்து, 12,498. இவற்றில் பெரும்பாலானவை கோயில் மண்டபத்திலோ, ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையிலோ ஒரே ஒரு வாத்தியாரை வைத்து நடந்தவை. நெல்லே வருமானமாகவும் வரியாகவும் கூலியாகவும் கோயில் காணிக்கையாகவும் புழங்கிய நாட்டில் கணக்குத் தெரிந்த ஆளுக்கு எப்போதும் தேவை இருந்தது. கிராமக் கணக்கர், கோயில் கணக்கர், மிராசுதாரரின் காரியக்காரர், கடைக்காரர் எல்லோரும் இந்தத் திண்ணையிலிருந்து வந்தவர்கள். கும்பகோணம் என்றவுடன் இராமானுஜன் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் ஒரு மேதையை வைத்து ஒரு கற்பித்தல் முறையை எடை போட முடியாது. பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான கணக்குப்பிள்ளைகளே இந்த முறையின் சராசரி விளைச்சல்.

பாட வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் மணலில் விரலால் எழுதிப் பழக்கம். பிறகு ஓலையும் எழுத்தாணியும். எண்ணில் முதல் பாடம் பொன்னிலக்கம். அதில் முழு எண்களுக்கு மேல்வாய் இலக்கம் என்றும், பின்னங்களுக்குக் கீழ்வாய் இலக்கம் என்றும் பெயர். பின்னம் பெரிய வகுப்புக்கு ஒதுக்கி வைக்கப்படவில்லை. எண்ணத் தொடங்கும்போதே அதுவும் வந்துவிட்டது. முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. இரண்டு முந்திரி அரைக்காணி, நான்கு முந்திரி காணி, பதினாறு முந்திரி ஒரு மா, இருபது முந்திரி மாகாணி, நாற்பது அரைக்கால், எண்பது கால், நூற்றறுபது அரை, முந்நூற்றிருபது ஒன்று. ஒன்றை அடைவதற்குப் பிள்ளை முந்திரியிலிருந்து கூட்டிக் கூட்டி ஏறி வர வேண்டும். அதற்குப் பிறகு நெல்லிலக்கம். பிறகு எண்சுவடி, அதாவது பெருக்கல் வாய்பாடுகள். கடைசியில் குழிமாற்று.

முறைவைப்பு என்றொரு வழக்கம் இருந்தது. மாணவத் தலைவனான சட்டாம்பிள்ளையோ, பாடம் நன்றாக வந்த பிள்ளையோ உரக்கச் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். நாள்தோறும், ஒரே வரிசையில், ஒரே ஓசையில். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர் செந்தில் பாபு இந்தச் சுவடிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 2022-இல் வெளிவந்த தம் நூலில், இங்கே நினைவு என்பது புரிதலுக்கு எதிரி அல்ல, கற்கும் வழியே அதுதான் என்று விளக்குகிறார். எனக்கு அந்த வாதம் சரியாகப் படுகிறது. ஓலையில் எழுத்தாணியால் கீறியதை அழிக்க முடியாது. இடைக்கணக்கு எழுதிப் பார்க்க ஓலையை வீணாக்கவும் முடியாது. கூட்டலும் பெருக்கலும் தலைக்குள் நடந்து முடிந்த பிறகு, விடை மட்டும் ஓலைக்கு வரும். எழுதுபொருளே இப்படி இருக்கும்போது நினைவாற்றலைத்தான் வளர்க்க முடியும். வெறுமனே வரிகளை ஒப்பிப்பது அவர்களுக்குப் போதாது. எந்த இடத்திலிருந்து கேட்டாலும் மேலேயும் கீழேயும் நகரத் தெரிய வேண்டும்.

அந்த நகர்வு எப்படி நிலத்தோடு ஒட்டியிருந்தது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். டெல்டாவில் இன்றும் நிலத்தை மா கணக்கில்தான் பேசுகிறார்கள். ‘ரெண்டு மா நெலம்’, ‘மாவுக்கு எத்தனை மூட்டை கண்டுமுதல்’ என்பதே பேச்சு. பன்னிரண்டு அடிக் கோலால் அளந்தால் ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம் ஒரு குழி. அது 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. மா என்றால் பின்னத்தில் இருபதில் ஒன்று. நிலத்தில் வேலியின் இருபதில் ஒன்று. இரண்டும் ஒன்றே. அப்படியானால் வேலியில் ஒரு காணி எவ்வளவு? எண்பதில் ஒன்று, அதாவது 25 குழி, 3,600 சதுர அடி. (வட மாவட்டங்களில் காணி என்றால் வேறு அளவு, அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) வேலியில் ஒரு முந்திரி எவ்வளவு? ஆறேகால் குழி, 900 சதுர அடி.

இந்த எண்களைச் சதுரமாக வரைந்து பார்த்தால் அழகான ஒன்று தெரிகிறது. முந்திரி முப்பதுக்கு முப்பது அடி. காணி அறுபதுக்கு அறுபது. மா நூற்றிருபதுக்கு நூற்றிருபது. பக்கம் இரட்டிக்க இரட்டிக்கப் பரப்பு நான்கு மடங்காகிறது. நான்கு முந்திரி ஒரு காணி, நான்கு காணி ஒரு மா என்ற வாய்பாட்டு வரி, வரப்புக்குள் அப்படியே படுத்துக் கிடக்கிறது. ‘மூணு மா ஒரு ஏக்கர்’ என்று டெல்டாவில் சொல்வதும் ஏறக்குறைய சரியே. மூன்று மா 43,200 சதுர அடி, ஏக்கருக்கு 360 சதுர அடிதான் குறைகிறது.

இந்தப் பின்னங்களுக்கு வயது மிக அதிகம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர்களின் நிலம் வேலியிலும் அதன் கீழ்வாய் இலக்கங்களிலும் பதிவாகியிருக்கிறது. நெல் ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளக்கப்படுகிறது. முந்திரிக்குக் கீழே இன்னொரு 320 பங்கு, அதற்கும் கீழே இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போகும் முறையில், ஒரு வேலியை 5,242 கோடிக்கும் மேற்பட்ட கூறுகளாக்கி அதில் ஒரு கூறு வரை கணக்குப் போனதாகச் சாசனவியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அவ்வளவு சின்ன நிலத்தை யாரும் கோல் வைத்து அளந்திருக்க முடியாது. அது வரியை வகுக்கும்போது பிறந்த மிச்சம். கணக்கரின் ஓலையில் மட்டும் வாழ்ந்த பின்னம். அந்த மிச்சத்தையும் விடாமல் எழுதுவதற்கு ஆள் பழக்கிய பாடசாலை ஒன்று எங்கோ இருந்திருக்க வேண்டும் என்பதே நமக்கு முக்கியம்.

எண்சுவடிக்கு வருவோம். ஒவ்வொரு வாய்பாட்டின் முடிவிலும் அதில் வந்த விடைகள் அனைத்தையும் கூட்டிய மொத்தத் தொகை ஒன்று தரப்பட்டிருக்கும். அதையும் பிள்ளை சேர்த்தே பாடம் செய்யும். இன்றைய பத்து வரி வாய்பாட்டை வைத்துச் சொன்னால், ஏழாம் வாய்பாட்டின் பத்து விடைகளையும் கூட்டினால் 385 வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ ஒரு வரி தவறு. வாத்தியார் சொல்லித்தான் பிழை தெரிய வேண்டும் என்ற நிலை அங்கே இல்லை. பிள்ளையே தன் நினைவைத் தணிக்கை செய்துகொள்ளலாம். பெருக்கலைக் கூட்டலால் சரிபார்க்கும் இந்த ஏற்பாடு நம்முடைய இன்றைய வாய்பாட்டுப் புத்தகங்களில் காணாமல் போனது எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிகிறது.

குழிமாற்று இன்னும் மேலே போகிறது. அது எண்ணை அதே எண்ணால் பெருக்கும் வாய்பாடு. பன்னிரண்டு கோல் நீளம், பன்னிரண்டு கோல் அகலம் என்றால் 144 குழி, அதாவது ஒரு மா 44 குழி. முழு எண்களுக்குப் பெருங்குழி, பின்னங்களுக்குச் சிறுகுழி. அரைக் கோல் நீளம், அரைக் கோல் அகலம் என்றால் கால் குழி. இன்றைய உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் யாரைக் கேட்டாலும் சொல்வார்: அரையை அரையால் பெருக்கினால் விடை ஏன் சிறுத்துப் போகிறது என்பதை ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்க வைப்பது எவ்வளவு கடினம் என்று. ‘பெருக்கினால் பெருக வேண்டாமா சார்?’ என்ற கேள்வி நியாயமானது. குழிமாற்று படித்த பிள்ளைக்கு அந்தக் கேள்வி எழ இடமில்லை. அரைக் கோலுக்கு அரைக் கோல் மண்ணை அது கண்ணால் பார்க்கிறது. நான்கு சேர்ந்தால்தான் ஒரு குழி.

இவற்றைக் கற்று முடித்தவர்களுக்கு மேல்படிப்பாக இருந்தது கணக்கதிகாரம். கொறுக்கையூர்க் காரிநாயனார் செய்த சோழநாட்டு நூல். தஞ்சை சரசுவதி மகால் நூலகம் அதன் பல சுவடிகளைத் தொகுத்து வெளியிட்டிருக்கிறது. அதில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு, பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ணுவது. காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்கச் சொல்கிறது. முள் நூறு என்றால் சுளை 120. எந்தப் பழத்தை அறுத்தாலும் இந்தக் கணக்கு சரியாக வந்துவிடும் என்று நம்மூரில் பெருமையாகப் பரப்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கணக்கின் மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது. பெருக்கலையும் வகுத்தலையும் அடுத்தடுத்துச் செய்ய வைத்து, ஐந்துக்கு ஆறு என்ற விகிதத்தைக் கையில் தருகிறது. வீட்டுக் கொல்லையில் தொங்கும் பழத்தைக் காட்டிப் பிள்ளைக்கு விகிதம் சொல்லிக்கொடுத்த அந்த வாத்தியார், தம் தொழில் தெரிந்தவர்.

இந்தத் திண்ணையிலிருந்து ஒரு பாதி மட்டும் கடல் கடந்தது. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதையும், ஒரு பிள்ளை மற்றொரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதையும் கண்டு தம் பள்ளியில் கையாண்டார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி எழுதி வெளியிட, ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது பிரிட்டனில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் கொடுத்த பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றே பெயர். சட்டாம்பிள்ளை போனார், மணல் போனது. முந்திரியும் குழிமாற்றும் போகவில்லை. ஆள் குறைவாக வைத்து நிறையப் பிள்ளைகளை மேய்க்கும் சிக்கனம் அவர்களுக்குப் பயன்பட்டது. பாடத்தின் உள்ளடக்கத்தை அவர்கள் கேட்கவில்லை.

இனி மறுபக்கம். திண்ணைப் பள்ளியில் பிரம்பு ஓய்ந்ததே இல்லை. கோதண்டத்தில் தொங்கவிடுவது போன்ற கொடிய தண்டனைகள் இருந்தன. கணக்குத் தவறியதற்காகக் குழந்தையைத் தொங்கவிட்ட எந்த முறையையும் முழுமனதோடு புகழ என்னால் முடியாது. அதைவிடப் பெரிய குறை வாசற்படியில் இருந்தது. மன்றோ கணக்கெடுப்பில் தமிழ்ப் பகுதிகளில் பிராமணரல்லாத சாதிப் பிள்ளைகளே பெரும்பான்மை என்பது உண்மை. ஆனால் நாற்று நட்டு, களை பறித்து, கதிர் அறுத்த பண்ணையாள் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் திண்ணை பெரும்பாலும் எட்டாத இடமாகவே இருந்தது. பெண்பிள்ளைகள் மிகச் சிலர்.

அதன் விளைவு களத்தில் தெரிந்தது. நெல் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று சொல்லித் தொடங்குவார்கள். பிறகு இரண்டு, மூன்று. அளக்கிறவர் ஒருவர், எண்ணிக்கை சொல்கிறவர் ஒருவர், எழுதுகிறவர் ஒருவர். அந்த நெல்லை விளைவித்தவர் தள்ளி நின்று பார்ப்பார். மிராசுதாரர் வீட்டுக்கு வரும்போது ஒரு மரக்கால், கூலி அளக்கும்போது வேறொரு மரக்கால் என்ற குறை டெல்டாவின் வாய்மொழியில் இன்றும் கேட்கக் கிடைக்கிறது. மரக்காலின் தலையைக் கூம்பாக விடுவதா, வழிப்பதா என்பதிலேயே ஒருவேளைச் சோறு போய்விடும். பொன்னிலக்கம் படித்த கணக்கருக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு என்று தெரியும். நின்றவருக்கும் தெரியும், அதை எண்ணாகச் சொல்லி, ஓலையைக் காட்டி வழக்காடத்தான் வழி இல்லை. 1952-இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது, கூலி அளவைச் சட்டத்தில் எழுதியது. அதற்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து, 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி நெல்லை உயர்த்திக் கேட்ட போராட்டமே அதன் பின்னணி. நெல்லளவுக் கணக்கு இந்த மண்ணில் வெறும் பாடமாக ஒருநாளும் இருந்ததில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

திண்ணைப் பள்ளி எப்படி மறைந்தது என்பதை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. 1854-க்குப் பிறகு அரசு மானியம், மானியத்துக்குத் தேர்வு, தேர்வுக்கு அச்சிட்ட பாடநூல் என்று வந்தது. அச்சில் எண்சுவடி இன்னும் நெடுநாள் விற்றது. 1957 ஏப்ரல் முதல் தேதி நயாபைசா வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கிலோவும் லிட்டரும் மீட்டரும் சட்டபூர்வ அளவைகளாயின. தசம முறை நல்ல முறை. எல்லோருக்கும் பொதுவான கிலோ வந்ததால் இரண்டு மரக்கால் பிரச்சினைக்கு ஒரு முடிவு கிடைத்தது. இதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. பள்ளிக் கதவும் எல்லோருக்கும் திறந்தது. கீழவெண்மணியில் பிறந்த பெண்பிள்ளையும் இன்று கணக்குப் படிக்கிறாள். திண்ணைப் பள்ளி ஆயிரம் ஆண்டுகளில் செய்யாததை அரசுப் பள்ளி ஒரு தலைமுறையில் செய்தது.

ஆனால் உள்ளே வந்த பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது? பிரதம் அமைப்பின் ஏசர் ஆய்வு கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைச் சோதிக்கிறது. 2022-இல் நாடு முழுவதும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 25.9 விழுக்காட்டினர்தான் இரண்டிலக்க எண்களைக் கடன் வாங்கிக் கழித்தார்கள். ஐந்தாம் வகுப்பில் மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தவர்கள் 25.6 விழுக்காடு. 2024-இல் இவை 33.7, 30.7 என்று உயர்ந்தன. நல்ல உயர்வுதான், என்றாலும் ஐந்தாம் வகுப்பில் பத்துப் பிள்ளைகளில் ஏழு பேருக்கு வகுத்தல் வரவில்லை. தமிழ்நாடு சும்மா இருக்கவில்லை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08-இல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில் ஏணிப்படிகளும் அட்டைகளும் வந்தன. கொரோனாவுக்குப் பிறகு 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது; அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். வயதை மட்டும் பார்க்காமல், பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்ற கொள்கை சரியானது. அதை நடத்தும் ஆசிரியர்களின் உழைப்பையும் நான் மதிக்கிறேன். குறை அட்டையில் இருக்கும் எண்ணில் இருக்கிறது. அது எதன் எண் என்று தெரிவதில்லை. மணியும் குச்சியும் எடுத்து எண்ணிய பிறகு, 52-இலிருந்து 37-ஐக் கழி என்று நிற்கிறது.

இது நம்மூர்ச் சிக்கல் மட்டும் இல்லை. பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் தேங்காய் முதலியவற்றை விற்ற பிள்ளைகளை ஆய்ந்து 1985-இல் ஒரு கட்டுரை வந்தது. வியாபாரத்தின் நடுவே கேட்ட கணக்குகளில் 98 விழுக்காட்டைச் சரியாகச் சொன்ன அதே பிள்ளைகள், அவ்வகைக் கணக்குகளையே தாளில் வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37 விழுக்காட்டைத்தான் சரியாகச் செய்தார்கள். 2025-இல் பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றியது. உருளைக்கிழங்கும் வெங்காயமும் நிறுத்து மனத்திலேயே விலை சொல்லும் அவர்கள், பாடப்புத்தக வடிவில் கேட்டால் தடுமாறினார்கள். வேலைக்குப் போகாத பள்ளிப் பிள்ளைகளோ தாளில் போட்டார்கள், சந்தைக் கணக்கில் தோற்றார்கள். இரண்டு கணக்கும் இரண்டு அறைகளில் பூட்டிக் கிடக்கின்றன. நடுவே கதவு இல்லை. திண்ணைப் பள்ளியில் அந்தக் கதவு இருந்தது. அங்கே இரண்டு அறையே கிடையாது என்றுகூடச் சொல்லலாம்.

மரக்காலைத் திரும்பக் கொண்டு வாருங்கள் என்று நான் கேட்கவில்லை. டெல்டாப் பிள்ளையின் இன்றைய களத்தைப் பாருங்கள் என்கிறேன். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் 40 கிலோ சிப்பமாகப் பிடிக்கப்படுகிறது. விலை குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு. 2025-26 பருவத்தில் தமிழ்நாட்டில் பொது ரகத்துக்கு 2,500 ரூபாய், சன்ன ரகத்துக்கு 2,545. அப்பா வீட்டில் பேசுவது 60 கிலோ மூட்டைக் கணக்கு. நிலம் மா கணக்கு, பட்டாவில் ஹெக்டேர் கணக்கு. ஒரே சாகுபடிக்குள் இத்தனை அலகுகள். ஒரு வீட்டில் மூன்று மா சம்பா; மாவுக்கு 12 மூட்டை கண்டுமுதல் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 36 மூட்டை, 2,160 கிலோ. சிப்பத்துக்கு 40 கிலோ என்றால் 54 சிப்பம். பொது ரகமானால் ஒரு சிப்பத்தின் விலை சரியாக 1,000 ரூபாய், 54,000 ரூபாய். சன்ன ரகமானால் சிப்பத்துக்கு 18 ரூபாய் கூடும். 54 பதினெட்டு 972. பெருக்கல் இருக்கிறது, வகுத்தல் இருக்கிறது, விகிதம் இருக்கிறது. ஈரப்பதம் 17 விழுக்காடு என்ற வரம்பைச் சேர்த்தால் விழுக்காடும் வந்துவிடுகிறது. நெல் விளையாத ஊரில் இந்தக் கணக்குக்கு வேலை இல்லை. திருப்பூர்ப் பிள்ளைக்குப் பனியன் டஜனும், தூத்துக்குடிப் பிள்ளைக்கு மீன் ஏலக்கூடையும் இருக்கின்றன.

பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு முப்பதுக்கு முப்பது அடியில் ஒரு முந்திரி வரையலாம். நான்கு வரைந்தால் காணி. பதினாறு வரைந்தால் மா. இடம் போதாத பள்ளிகளில் ஒரு காணி போதும். காலில் நடந்து பார்த்த பிள்ளைக்குக் காலும் அரையும் வர்க்கமும் ஒரே மதியத்தில் விளங்கும். கழித்தலுக்குக் கடைக்காரர் மீதி தரும் வழியைச் சொல்லிக்கொடுக்கலாம்: 37-க்கு மூன்று போட்டால் 40, இன்னும் 12 போட்டால் 52; ஆக 15. கடன் வாங்கும் முறை பிறகு வரட்டும். வாய்பாட்டை மனப்பாடம் செய்யச் சொல்ல ஆசிரியர்கள் தயங்க வேண்டாம். ஆனால் கடைசி வரியில் மொத்தத் தொகையையும் எழுதட்டும், பிள்ளைகள் தாங்களே கூட்டிச் சரிபார்க்கட்டும். அடி மட்டும் வேண்டாம்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான். அடுத்த அறுவடையில் ஊரில் யாராவது ஒருவர் வீட்டுக் கொள்முதல் ரசீதைப் பெயரை மறைத்து நகலெடுத்து ஐந்தாம் வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். எத்தனை சிப்பம், எத்தனை கிலோ, என்ன விலை, வந்த பணம் சரியா என்று பிள்ளைகள் பார்க்கட்டும். அதைச் சரிபார்க்கத் தெரியாமல் ஒரு பிள்ளை ஆறாம் வகுப்புக்குப் போனால், அதன் மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும், நாம் அதற்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.